கதிரைக்குப் பின்னால்

"நாளையிண்டைக்கு என்னை இறக்குவீங்களோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ, அக்கா."

பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். ஆரூரன் மட்டும் பனித்தளத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். தாட்சாயினி ஓரத்துச் சுவரில் சாய்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

கனடாவின் வடக்கே, சுரங்க வேலை நடக்கும் ஒரு சிறு நகரத்தின் ஐஸ் ஹொக்கி அணிக்குத் தாட்சாயினி தலைமைப் பயிற்றுநர். ஒரு காலத்தில் பெண்கள் அணிகளில் கோல் காத்தவர். ஆரூரன் முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிறவன், சம்பளத்துக்கு விளையாடுகிறவன். வயது முப்பத்துநான்கு. வேறு தொழிலில் அது மாப்பிள்ளை வயது, ஹொக்கியில் கிழவன் வயது. இருவரும் ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் தனியாக இருக்கும்போது தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். ஏச்சுக் கொடுக்க அது வசதியாகவும் இருந்தது.

இறுதித் தொடர் சரிக்குச் சரியாக நின்றது. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம், நாளை மறுநாள். வென்றால் கோப்பை. ஆரூரன் பல ஊர்களில் பல அணிகளுக்கு விளையாடியவன், ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. இந்த வருடமும் தொடாவிட்டால் இனி அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஐஸ் ஹொக்கியில் முன்வரிசைக்காரன் ஆட்டம் முழுக்க ஓடுவதில்லை. ஓடவும் முடியாது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, ஓரத்துச் சுவருக்கு அப்பால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் வாங்குக்குத் திரும்பிவிட வேண்டும். ஆட்டம் அவனுக்காக நிற்காது. அவன் வந்து சேரச் சேர, அவனிடத்துக்குக் காத்திருக்கிறவன் சுவரைத் தாண்டிக் குதிப்பான். பிறகு இவன் மூச்சு வாங்கி மறுபடி இறங்குவான். இதுதான் முறை.

ஆரூரனுக்கு ஓடத் தெரியும், அடிக்கத் தெரியும், அடி வாங்கவும் தெரியும். திரும்பி வருவது மட்டும் தெரியாது. முந்தின நாள் ஆட்டத்தில் வாங்கிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டும், இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று பனியிலேயே நின்றான். இரண்டு காலும் மரத்துப் போன நேரம் பார்த்து எதிரணிக்காரன் ஒருவன் அவனைக் கடந்து போய்க் கோல் போட்டுவிட்டான். அந்தக் கோலில்தான் ஆட்டம் போனது.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்றான் ஆரூரன். "வெல்லோணும் எண்டுதானே நிண்டனான்."

தாட்சாயினி ஒரு சுளையை வாயில் போட்டார்.

"நாளைக்கு மத்தியானம் பிள்ளையார் பூசை. சாப்பிட வா."

"நான் கேட்டது ஆட்டத்தைப் பற்றி."

"நான் சொன்னது சாப்பாட்டைப் பற்றி. பசியோட வா."

*

அந்த நகரத்தில் கோயில் இல்லை. இருக்கிற கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசையில் பிள்ளையாரை வைத்துப் பூசை செய்து, முடிந்ததும் பந்தி வைப்பார்கள். மண்டபம் சின்னது, சனம் கூட. முதற்பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் வந்து ஆளுக்கொரு கதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். இருப்பவர் எழும்ப வேண்டும், நிற்பவர் இருக்க வேண்டும். கலியாண வீடுகளிலிருந்து விமானமேறி வந்த பழக்கம் அது.

ஆரூரன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு வாசம் அவனைப் படாத பாடு படுத்தியது.

தாட்சாயினி அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதிரைக்குப் பின்னால் நிறுத்தினார். அந்தக் கதிரையை ஏற்கெனவே ஒரு பெண் பிடித்துக்கொண்டிருந்தாள். துளசி என்ற தாதி. ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். கதிரையில் இருந்தவர் பெற்றோல் நிலையம் வைத்திருக்கும் நவரத்தினம்.

நவரத்தினம் சாப்பிட்டு முடித்திருந்தார். பாயசம் குடித்திருந்தார். மோரும் குடித்து, இலையையும் மடித்துவிட்டார். எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு, பனி கொட்டும்போது நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் விதம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். விரல்களில் குழம்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

தற்செயலாக நிமிர்ந்தவர் ஆரூரனைக் கண்டுவிட்டார்.

"அட, எங்கட ஹொக்கிக்காரர். முந்தநாள் நானும் பாத்தனான். ஏன் தம்பி கடைசியில காலை இழுத்திழுத்து ஓடினீர்?"

"களைச்சுப் போனன், அங்கிள்."

"களைச்சால் வந்து இருக்கிறதுதானே?" என்றார் நவரத்தினம், இருந்தபடியே.

தாட்சாயினி மேசையிலிருந்த பூச்சாடியை மிகக் கவனமாகப் பார்த்தார்.

நவரத்தினம் திரும்பவும் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டார். துளசி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தாள். பிறகு கதிரையை விட்டுவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"சாப்பிடாமல் போறியே, பிள்ளை?" என்று கேட்டார் தாட்சாயினி.

"வேலைக்கு நேரம் போட்டுது, அக்கா. அங்கை போய் ஏதும் கடிக்கிறன்."

அவள் படியேறிப் போனாள். நவரத்தினத்துக்கு அவள் நின்றதும் தெரியாது, போனதும் தெரியாது.

"பாத்தியோ?" என்றார் தாட்சாயினி.

"பாத்தன். அந்தாளுக்கு அறிவில்லை."

"நல்ல மனிசன். இண்டைக்குச் சமைச்ச அரிசி முழுக்க அவர் தந்தது."

"அப்ப ஏன் எழும்புறாரில்லை?"

"பின்னால ஆள் நிக்கிறது தெரியாது."

"திரும்பிப் பாத்தால் தெரியும்தானே."

"ஓம்."

ஆரூரன் பொறுமையில்லாமல் காலை மாற்றி மாற்றி நின்றான். வயிறு கத்தியது. அந்தக் கதிரையை நவரத்தினத்தோடு சேர்த்துத் தூக்கி வெளியே வைத்துவிடலாம் போலிருந்தது.

"நான் கோல் காத்தவள்," என்றார் தாட்சாயினி. "கோலுக்குள்ள நிக்கிறவளுக்கு எல்லாற்ர முதுகும்தான் தெரியும். இப்ப வாங்குக்குப் பக்கத்தில நிக்கிறன், அங்கையும் முதுகுதான் தெரியுது. முந்தநாள் மிக்கோ ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு மேல போட்டுக்கொண்டு நிண்டான். நீ பாத்தியோ?"

மிக்கோ பின்லாந்துக்காரன். அதிகம் பேசமாட்டான். ஆரூரன் வெளியே வந்தால் அந்த இடத்துக்கு இறங்க வேண்டியவன் அவன்தான். அந்த வருடம் முழுக்க அவன் விளையாடியதெல்லாம் ஆரூரன் வைத்த மிச்சத்தைத்தான்.

ஆரூரன் காலை மாற்றாமல் நின்றான்.

ஒருவழியாக நவரத்தினம் எழும்பினார். "இரும் தம்பி, இரும். வடிவாச் சாப்பிடும். நாளைக்கு வெல்லோணும்," என்று அவன் முதுகில் தட்டிவிட்டுக் கை கழுவப் போனார். பக்கத்துக் கதிரையும் காலியானது. இருவரும் இருந்தார்கள். ஆரூரன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"பந்திக்கு முந்து எண்டு எங்கட அம்மா சின்னனிலேயே சொல்லித் தந்தவ."

"எல்லா அம்மாமாரும் அதைத்தான் சொல்லிக் குடுக்கினம். எழும்புறதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்லை."

அவன் பாயசத்துக்குக் கை நீட்டித் திரும்பிப் பார்த்தபோது தாட்சாயினியின் கதிரையில் யாரோ ஒரு கிழவர் இருந்து இலையை விரித்துக்கொண்டிருந்தார்.

*

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் மெல்லிய பனி தூறிக்கொண்டிருந்தது. தாட்சாயினி கார்க் கண்ணாடியைச் சுரண்டினார். ஆரூரன் மற்றப் பக்கத்தைச் சுரண்டினான்.

"அக்கா, நான் வெளியில வராமல் நிக்கிறது ஆசையில்லை. பயம்."

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"சின்னனில ஸ்காபரோ அணியில எங்கட ஆள் எண்டு நான் ஒருத்தன்தான். வாங்கின்ர தொங்கல்ல, கடைசி ஆளா இருத்தி விடுவாங்கள். எப்பவாவது ஒருக்கா இறக்குவாங்கள். அப்பா தொழிற்சாலை வேலை முடிச்சு, பஸ் பிடிச்சு, ஓடி ஓடி வருவார். அவர் வந்து பாக்கிற நேரம் நான் வாங்கில இருந்தால்? அதால இறங்கினால் வரமாட்டன். வெளியில வந்தால் திரும்ப இறக்குவாங்களோ எண்டு பயம். இவ்வளவு காலம் விளையாடியும் அந்தப் பயம் போகேல்லை."

பனியைச் சுரண்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோல் காக்கிறவள் கடைசிவரைக்கும் உள்ளதான் நிப்பாள்," என்றார் தாட்சாயினி. "நான் ஒரேயொருக்காத்தான் நடுவில வெளியில வந்தனான். பெரிய இறுதியாட்டம். ஒரு கோலால தோத்துக்கொண்டிருந்தம். முடியப்போற நேரம். அப்பிடியான நேரத்தில என்ன செய்யிறவங்கள்?"

"கோலியை வெளியில எடுத்துப்போட்டு, அடிக்கிறதுக்கு ஒராளைக் கூட இறக்குவினம். கோல் வெறுமையாக் கிடக்கும்."

"அதுதான். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டவை. கதவைத் திறந்து போட்டிட்டு வீட்டை விட்டு ஓடுற மாதிரி இருந்தது. நெஞ்சு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும். திரும்பிப் பாக்காமல் ஓடினன். எனக்குப் பதிலா இறங்கினவள் கோல் போட்டாள். சமன். பிறகு வென்றம்."

"பேப்பரில உங்களைப் பற்றி ஏதும் எழுதினவங்களோ?"

"எழுதினவங்கள். அந்த நேரம் கோல் வெறுமையா இருந்தது எண்டு."

அவர் சுரண்டியைத் தட்டிப் பனியை உதறினார்.

"அந்த வெறுமை நான்தான்."

ஆரூரன் மனதில் நெடுநாள் கிடந்ததைக் கேட்டான்.

"அப்ப விளையாட்டை விடச் சொல்லுறீங்களோ?"

"வாங்குக்கு வா எண்டுதான் சொல்லுறன். வீட்டை போ எண்டு சொல்லேல்லை."

"நாளைக்கு?"

"இறக்குறது என்ர வேலை. இறக்குவன். வாறது உன்ர வேலை."

*

மறுநாள் மைதானத்தில் ஊரே இருந்தது. சுரங்கத்தில் வேலை முடித்தவர்கள் உடுப்பு மாற்றாமல் வந்திருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒரு மூலையில் கூட்டமாக இருந்தன. அவர்களுக்கு நடுவில் ஆரூரனின் தகப்பன் நல்லதம்பி, ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் வந்தவர், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்தார். மகனின் சட்டை முதுகில் அவருடைய பெயர்தான் தோளிலிருந்து தோள்வரை எழுதியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அதை முழுதாகச் சொல்ல வாய் வராது. "நல்லா! நல்லா!" என்று கத்துவார்கள். தகப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் தன்னைக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து உட்காருவார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆரூரன் கால் களைக்கும் முன்பே வாங்குக்கு வந்து சேர்ந்தான். மிக்கோ அதை எதிர்பார்க்கவே இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், அடித்துப்பிடித்து அதை மாட்டிக்கொண்டு சுவரைத் தாண்டினான். அடுத்த முறை ஆரூரன் வந்தபோது, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று உண்மையான கவலையோடு கேட்டான். மூன்றாம் முறை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலைச் சுவரில் போட்டபடி ஆயத்தமாக நின்றான்.

இரண்டு அணியும் ஆளுக்கு இரண்டு கோல் போட்டன. நேரம் முடிந்தது. இனிக் கூடுதல் நேரம். யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

கூடுதல் நேரத்தில் அணிகள் பக்கம் மாறும். அப்போது இவர்களுடைய வாங்கு எதிரணியின் கோலுக்குக் கிட்ட வந்துவிடும். ஆரூரன் இறங்கி, தன் பக்கத்துக் கோல்வரை ஒருவனைத் துரத்தி மறித்து, அங்கிருந்து திரும்பி ஓடினான். நடுக்கோட்டில் வைத்து அவன் மட்டைக்கே வந்து சேர்ந்தது பக், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை.

முன்னால் எதிரணிக்காரர் இரண்டே பேர்.

மைதானம் எழும்பி நின்றது. "நல்லா! நல்லா!"

கால்கள் எரிந்தன. ஆனாலும் உள்ளே இன்னும் ஓர் ஓட்டம் மிச்சம் இருந்தது. இருந்ததாகத்தான் அவனுக்குப் பட்டது. இந்தக் கோல் விழுந்தால் அவன் பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அப்பா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

மிக்கோ சுவரில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு நின்றான்.

ஆரூரன் பக்கை எதிரணியின் கோலுக்குப் பின்னால், மூலைக்குத் தட்டிவிட்டு, வாங்கை நோக்கித் திரும்பினான்.

மைதானம் முழுக்க ஐயோ என்றது. சுரங்கத் தொழிலாளர் பக்கத்திலிருந்து இங்கே எழுத முடியாத ஒரு சொல் வந்தது. நவரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எதிரணிக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். ஆபத்தானவன் முதுகைக் காட்டிவிட்டுப் போகிறான். அவர்களுக்கு மூச்சு வந்தது. ஒருவன் மூலைக்குப் போய் ஆற அமரப் பக்கை எடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் கூட்டாளியிடம் தள்ளினான்.

அந்தத் தள்ளலுக்குக் குறுக்கே மிக்கோ வந்தான். வாங்கிலிருந்து நேரே, புதுக் காலோடு, ஒருவருடைய கண்ணிலும் படாமல் வந்தான்.

ஆரூரன் இது ஒன்றையும் காணவில்லை. வாங்கில் விழுந்து, முழங்காலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்து, துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்கினான். இரும்பில் ஏதோ பட்டு டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. அதன் பிறகு கூரை இடிந்து விழுந்ததுபோல் கேட்டது.

"என்ன நடந்தது?" என்று பக்கத்தில் கேட்டான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் சுவரைத் தாண்டிப் பனிக்குள் குதித்துவிட்டார்கள். மிக்கோவை ஆளுக்கு ஆள் அமுக்கிக் குவியலாகக் கிடந்தார்கள்.

ஊர் முழுக்க மிக்கோவைப் பார்த்துக் கைதட்டியது. தமிழர் இருந்த மூலையில் நல்லதம்பி மட்டும் வாங்கைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்த நாளும் மகன் எங்கே இருக்கிறானோ அந்தப் பக்கம்தான் பார்ப்பவர். ஆரூரன் அதைக் கண்டான். அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சுவரைத் தாண்டிக் குதித்து, ஓடிப் போய், அந்தக் குவியலின் உச்சியில் விழுந்தான்.

ஒலிபெருக்கி அறிவித்தது. கோல் போட்டவர் மிக்கோ. பக்கைக் கொடுத்து உதவியவர் ஒருவருமில்லை.

*

கோப்பை கொடுப்பதற்கு அந்த விளையாட்டில் ஒரு முறை உண்டு. அணித்தலைவன் முதலில் தூக்குவான். தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு அடுத்தவனிடம் கொடுப்பான். அவன் ஒரு சுற்றுப் போய் இன்னொருவனிடம் கொடுப்பான். அணித்தலைவன் நேரே ஆரூரனிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

பெரிய பாரமான கோப்பை. ஆரூரன் அதைத் தூக்கிக்கொண்டு தளம் முழுக்கச் சறுக்கினான். முத்தமிட்டான். தமிழர் மூலைக்கு முன்னால் நின்று அப்பாவுக்குக் காட்டினான். நல்லதம்பி சாப்பாட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நவரத்தினம், தானே சொல்லிக் கொடுத்த மாதிரி, இதைத்தான் களைச்சால் வந்து இருக்கிறது என்பது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆரூரன் இன்னொரு சுற்றுப் போனான். அதற்கு மேலும் ஒன்று போனான். கடைசியில், சாதாரணச் சப்பாத்தோடு பனியில் வழுக்காமல் கவனமாக நடந்து வந்த தாட்சாயினிக்கு முன்னால் போய் நின்றான். கோப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது.

"அக்கா, நான் அந்தக் கோலைக் காணவே இல்லை."

"ஓம்."

"உதவினது ஒருத்தருமில்லை எண்டு அறிவிச்சவங்கள். கேட்டனீங்களோ?"

"கேட்டன்."

"அந்த ஒருத்தருமில்லாத ஆள் நான்தானே, அக்கா?"

"நீதான். கோப்பையைக் குடு, பின்னால ஆள் நிக்குது."